நம்மளயே நாம காப்பியடிக்கணுமாம்

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தலை நரைத்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மடியில் கிட்டார். மற்றவர் அதே பேண்டில் டிரம்ஸ் அடிப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"நம்மளயே நாம காப்பியடிக்கணுமாம், சிவா!" என்றார் கிட்டார்க்காரர், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

"மெதுவாக் கதை, ஹனீபா. பாண்டிருப்புக் கலியாண வீட்டுக்காரர் போன்ல கேட்டதைத்தான் நான் சொன்னன்."

"நம்மட பழைய பாட்டுக் கெசட்டுல இருக்கிற மாதிரியே வாசிக்கட்டாமா? அந்தக் கெசட் போடக்குள்ள எனக்குக் கிட்டார் ஒழுங்காப் பிடிக்கவே தெரியாது. இந்த வயசுல திரும்பப் படிச்சி, விரல் தோல் உரிஞ்சி, புதுப் பாட்டுக் கட்டியிருக்கன். கேக்க ஒரு ஆளில்ல!"

"சனத்துக்குப் பழசுதான் விருப்பம்."

"அந்தாள் போன் கடைதானே வச்சிருக்காரு? கடையில பழைய போனா விக்கிறாரு? நாம மட்டும் ஏன் அப்பிடியே இருக்கணும்? நீ என்ன மறுமொழி சொன்ன?"

"வேற பேண்டைப் பாருங்க எண்டு சொல்லிட்டன்."

ஹனீபா கிட்டாரை மடியில் நிமிர்த்தி வைத்தார். பஸ் நிந்தவூரைத் தாண்டியது.

"அப்ப வெள்ளிக்கிழமை புதுப் பாட்டைப் பழகுவம்," என்றார் பிறகு. "ஆனா நீ தாளத்துல முந்திப் போயிடுறாய்."

இப்போது சிவாவுக்குக் கோபம் வந்தது. "நானா? முப்பது வருசமா ஒண்டா வாசிக்கிறம். ஒரு நாளாவது சொன்னியா?"

"எனக்கே இப்ப திரும்பப் படிச்ச பிறகுதானேடா வெளங்கிச்சு."