ஒஸ்வால்ட் நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள ரிப்கான்,

அழைப்பிதழ் கிடைத்தது. அச்சு நன்றாக வந்திருக்கிறது. ஒஸ்வால்டின் படத்துக்கும் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருந்தபோது அவன் இவ்வளவு மரியாதையாகச் சிரித்து நான் கண்டதில்லை. என் ஆட்சேபம் தலைப்பில் மட்டும்தான். 'றோவில் எடுப்பவருக்கு நொய்ஸ் ரிடக்‌ஷன் வீண்வேலை: ஒஸ்வால்ட் நமக்குக் கற்றுத் தந்தது.' கமெராக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் இதை மாற்ற வேண்டும். பிழையான தகவலைச் செத்த மனிதனின் பெயரில் பரப்பக் கூடாது.

பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். நொய்ஸ் ரிடக்‌ஷன் என்ற பெயரில் கமெராவில் இரண்டு செட்டிங் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும் படங்களில் மணல் தூவியதுபோல வரும் புள்ளிகளை மழுப்புவது ஒன்று. றோ என்பது கமெரா கைவைக்காத பச்சைப் படம் என்பதால், அதை இது தொடாது. மற்றது, நிமிடக் கணக்கில் திறந்து வைத்து எடுக்கும் படங்களுக்கானது. நான்கு நிமிடம் எடுத்து முடித்ததும் கமெரா தன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நான்கு நிமிடம் வெறும் இருட்டை எடுக்கும். அந்த இருட்டில் விழுந்த புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். இது றோவையும் சுத்தமாக்கும். மூன்று வருடமாக இதைத்தான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒஸ்வால்ட் என் கமெராவை வாங்கிப் பார்த்தான். திரையைப் படம் பிடித்துக் கழகத்து வட்ஸ்அப்பில் போட்டான். "எங்கட பிறெடி றோவில எடுத்துப்போட்டு நொய்ஸ் ரிடக்‌ஷனும் ஓன் பண்ணி வச்சிருக்கிறான். குடை பிடிச்சுக்கொண்டு குளிக்கிற ஆள்." நாற்பத்தாறு சிரிப்பு முகங்கள் விழுந்தன. ஒன்று உங்களுடையது. நான் அதை மனதில் வைத்திருக்கவில்லை, எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால்கூட நான் 'நொய்ஸ் பிறெடி'. ஐம்பதை நெருங்கும் வயதில் பட்டப்பெயர் வாங்குவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு பரிசோதனை கேட்டேன். ஒரே இடம், ஒரே நேரம், ஆளுக்கு ஒரு நான்கு நிமிடப் படம். எனக்கு ஓன், அவனுக்கு ஓஃப்.

"சரி மச்சான். தோத்தா குரூப்பில மன்னிப்புக் கேக்கோணும்" என்றான்.

"நீ தோத்தா?"

"அதெல்லாம் நடக்காது."

சனிக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனோம். லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டால் வெயிலிலும் நான்கு நிமிடம் எடுக்கலாம். நான் கடற்பக்கம் கல்லில் நின்றேன். ஒஸ்வால்ட் ரயில் தண்டவாளத்தின் நடுவில் முக்காலியை விரித்துத் தெஹிவளைப் பக்கம் பார்த்து நின்றான். காதில் இயர்போன், பைலா பாட்டு. ஐந்து முப்பதுக்கு ஒன்றாக அமுக்கினோம். முப்பத்து நான்குக்கு அவன் படம் திரையில் வந்துவிட்டது. என் கமெரா கண்ணை மூடிக்கொண்டது.

மரண விசாரணையில், "நான் கமெராவோட வேலையா இருந்தனான், கோச்சி வந்ததைக் காணேல்ல" என்றேன். நீங்கள் எல்லோரும் பின்வரிசை வாங்கில் இருந்தீர்கள். படம் எடுக்கத் தெரிந்த ஒருவருக்காவது சந்தேகம் வரவில்லை. அந்த நான்கு நிமிடமும் வேலை கமெராவுக்குத்தான். எடுப்பவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கலாம். இந்த செட்டிங்கை ஒழுங்காகப் படித்திருந்தால் என்னை அன்றே பிடித்திருப்பீர்கள்.

நான் சுற்றிப் பார்த்தேன். அவன் முதுகுக்குப் பின்னால், பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து கோச்சி வந்தது. ஒஸ்வால்ட் குனிந்து, படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் பத்தடி. எட்டி இழுத்திருக்கலாம். ஆனால் அவன் முகம் மாறியதைக் கண்டேன், புள்ளிகளைக் கண்டுவிட்டான். பெருவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. இழுத்தால் தப்புவான், தப்பினால் அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய் என்னைப் பற்றி இன்னொன்று எழுதுவான். எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

கமெரா தூள். படம் பதிந்த கார்ட் பிழைத்துக்கொண்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவன் மனைவி கொன்ஸ்ரன்ஸ் அதை ஒரு என்வலப்பில் போட்டுத் தந்தாள். "அவர் கடைசியா எடுத்த படம். எனக்குப் பாக்க ஏலாது பிறெடி, நீங்க பாருங்கோ" என்று அழுதாள். பார்த்தேன். சிவப்பும் நீலமுமாக இருநூற்றுப் பதினேழு புள்ளிகள். அவளுக்காக எனக்குக் கவலைதான். ஆனால் அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு படங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பொலிசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். முதலில் குரூப்பில் போடுங்கள்.

இன்னும் ஒன்று. தண்டவாளத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று சொன்னதும் நான்தான். ஒஸ்வால்ட் தயங்கினான். "கோச்சி வராதா மச்சான்?" என்று கேட்டான். அவன் எப்போதும் பஸ்ஸில் போகிறவன். "சனிக்கிழமையில ஆறு மணிக்கு முன்னுக்கு ஒண்டுமில்ல" என்றேன். ஐந்து முப்பத்தாறுக்கு ஒன்று வரும் என்பதை அதற்கு முந்திய மூன்று சனிக்கிழமையும் அதே கல்லில் நின்று பார்த்து வைத்திருந்தேன்.

கோச்சி நேரத்தைப் பற்றி அவனுக்குப் பொய் சொன்னது உண்மை. நொய்ஸ் ரிடக்‌ஷன் விஷயத்தில் நான் அவனை ஒருநாளும் ஏமாற்றவில்லை.