நெஞ்சுச் சத்தம் கேக்குற மிருகம்

…அதத்தாண்ணே நானும் கேக்குறேன். கடல்னா என்ன, தண்ணி. இப்பத் தாண்டி வந்தமே வீரபாண்டி ஆறு, அதுல ஓடுறதும் தண்ணி. இதுல முங்கி முங்கிக் குளிக்கிறவ, தூத்துக்குடிக்குக் கட்டிக் குடுக்குறேன்னா மட்டும் மாட்டேங்குறாளே, இது என்ன நியாயம்? அந்தக் கருவாட்டுக் கூடைய இங்கன தள்ளி வைங்க, காலு மரத்துப் போச்சு. வாடையா? இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இருக்குற வேதனையில மூக்கு வேல செய்யல.

யாரா? எம்மகதான், இருதயம்மா. ராயப்பன்பட்டியில வந்து கோயில்பிள்ளை இன்னாசின்னு கேட்டுப் பாருங்க. மணியடிக்கிறது, திரி ஏத்துறது, சாமியார் அறையப் பெருக்குறது எல்லாம் நாந்தான். மாப்பிள்ள என்ன அசலா? எங்க அக்கா ரோசம்மா மகன், மரிய ஜோசப். அங்கன பஞ்சுக் கிட்டங்கியில வேல பாக்குறான். மொத ஓலை கோயில்ல வாசிச்சாச்சு. போன ஞாயித்துக்கெழம ரெண்டாம் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாக. வழக்கமா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக. எங்கிட்டாவது ஒரு கைப்புள்ள அழுகும், அம்புட்டுத்தான். அன்னைக்கு பொம்பளைக பக்கத்துல ஒருத்தி எந்திரிச்சு நிக்கிறா. பாத்தா கல்யாணப் பொண்ணே நிக்கிறாண்ணே. “தடை இருக்கு சாமி, கடல்ல மிருகம் இருக்கு”ங்குறா.

சாமியார் பிரெஞ்சுக்காரரு. “எந்த மிருகம்?”னு கேக்குறாக. கோயிலே திரும்பி என்னப் பாக்குது. என்ன எதுக்குண்ணே பாக்கணும்? ஏலே சங்கிலி, மாட்ட அடிக்காம ஓட்டுலே… இவன் ஒருத்தன், மனுசன் பேசுறப்பத்தான் சாட்டையச் சொடுக்குவான்.

எங்க விட்டேன்… ஆங். சாமியார் அறையில ஒரு பொஸ்தகம் இருக்கு. தூசி தட்டுறப்ப ஒரு படம் பாத்தேன். முழுக்க இரும்புக் கப்பல், கடலுக்கு அடியில போகுது, கண்ணாடிக்குள்ள இருந்து ஆளுக எட்டிப் பாக்குறாக. இது என்ன சாமின்னேன். “கட்டுக்கதை, இன்னாசி”ன்னுட்டு அவுக பாட்டுக்குச் செபமாலைய எடுத்துக்கிட்டாக. சரி, கட்டுக்கதைதான, நானும் கொஞ்சம் கட்டுனேன். சாயங்காலம் செபம் முடிஞ்சதும் கோயில் வாசல்ல சொல்ல ஆரம்பிச்சேன். வெள்ளக்காரன மட்டும் வச்சுக் கத சொன்னா எவன் கேப்பான்? அதனால கூடலூர் ஆளு ஒருத்தனச் சமையலுக்குக் கப்பல்ல ஏத்திவிட்டேன். ஒலக்கையக் கையில குடுத்தேன். சுறாவ ஒலக்கையால அடிச்சான் பாருங்க, ஊரே கை தட்டுச்சு. மேலத் தெரு பஞ்சம்மா, ஒச்சாண்டி எல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டாம ஓடி வருவாக. முப்பது வருசமா மணியடிக்கிறேன், எம்மூஞ்சிய எவனாவது பாத்திருப்பானா? இப்பக் கம்பத்துல இருந்தெல்லாம் வந்து, இன்னாசியண்ணன் எங்கன்னு கேக்குறாக.

ஒரு நாளு ஒச்சாண்டி கொட்டாவி விட்டான். எனக்கு ரோசம் வந்துருச்சு. அன்னைக்குத்தான் மிருகத்த விட்டேன். கண்ணு கெடையாது அதுக்கு. காது மட்டும் பனையோலை கணக்கா விரிஞ்சு கெடக்கும். மணலோட மணலாப் படுத்துக்கிட்டு, மனுசன் நெஞ்சு துடிக்கிற சத்தத்த வச்சே வரும். புதுசா வாக்கப்பட்டு வர்ற பொண்ணு மொத மொத கடலப் பாத்தா நெஞ்சு பதறுமில்ல? அது ஏழு காததூரம் கேக்கும், கரையேறி வந்து வாசப்படியில நிக்கும்னேன். பொம்பளைக எல்லாம் மாராப்ப இறுக்கிப் பிடிச்சாக. அந்தச் சுகம் இருக்கே அண்ணே, சோறு தண்ணி வேண்டியதில்ல. மொத வரிசையில எம்மக உக்காந்திருந்தத நான் எங்க கண்டேன்?

இப்ப மூணாம் ஓலையக் கையில வச்சுக்கிட்டுச் சாமியார் காத்திருக்காக. எங்க அக்கா, தம்பி உறவே வேணாம்னு ஆளனுப்பிட்டா. மக என்ன சொல்றாங்குறீக? “கோயில் வாசல்ல நின்னு, மிருகம் பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, நான் கழுத்த நீட்டுறேன்”ங்குறா. அது எப்படிண்ணே சொல்றது? சொன்னா மறுநா ஒரு குஞ்சு வருமா கத கேக்க? அதுக்குக் கடல்ல போயி எறங்கிடலாம். அதத்தான் சொன்னேன். நானே கடல்ல கழுத்தளவு எறங்கி நிக்கிறேன், மரிய ஜோசப் பாத்துக் காயிதம் எழுதட்டும், அப்பவாச்சும் நம்புன்னேன். ரயிலுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

ஆனா ஒண்ணு… உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. ராத்திரியெல்லாம் எந்நெஞ்சு எனக்கே கேக்குது. நாங் கட்டிவிட்டதுதான், தெரியுது. தெரிஞ்சும் கேக்குதே.

நீங்க எந்த ஊரு? தூத்துக்குடியா? அட, கருவாடு விக்கிறது சும்மா இடையில பாக்குற வேலதானா? சங்கு குளிக்கிறவரா நீங்க? மாதா கண்ணத் தொறந்துட்டா. அப்ப நீங்களே என் கையப் பிடிச்சுக் கடலுக்குள்ள கூட்டிப் போங்கண்ணே. எம்புட்டு நேரம் மூச்சடக்குவீக? அம்புட்டு நேரமா? ஆத்தாடி. மூச்ச அடக்கினா நெஞ்சு இன்னும் பலமால்ல அடிக்கும், அந்த மிருகத்துக்கு உங்களத்தான் மொதல்ல… என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு? கூடைய ஏன் எடுக்குறீக? தேனி இன்னும் வரலியே. ஏலே சங்கிலி, வண்டிய நிறுத்துலே, மனுசன் குதிச்சிட்டாரு.

அண்ணே, இந்தப் பக்கம் வாங்க, ரயிலு இங்கிட்டுல்ல இருக்கு. வந்த வழியே நடக்குறீகளே. அங்கிட்டு மலைதான இருக்கு. கடல்ல பொழைக்கிற மனுசன் மலைக்குப் போயி என்ன செய்வீக? உங்க பொண்டாட்டி புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? நில்லுங்கண்ணே. அது பொய்யி. நாஞ் சொன்னது அம்புட்டும் பொய்யிண்ணே. மிருகமும் இல்ல, மண்ணும் இல்ல, எல்லாம் என் வாயி…

…அட. சொல்லிட்டேனே.

சங்கிலி, வண்டியத் திருப்புலே. அவர வழியில ஏத்திக்கிருவோம். ஞாயித்துக்கெழம மூணாம் ஓலைக்குள்ள ஊரு போய்ச் சேரணும்.