செவ்வாய்க்கு முன்னால் சந்திரன்

"எடுத்த எடுப்பிலேயே செவ்வாய்க்குப் போகாதீங்க மாஸ்டர். புது ஆளுக்குச் சந்திரன்தான் லேசு."

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த தையல்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் மடியில் இரண்டு விஞ்ஞானக் கதைப் புத்தகங்கள் இருந்தன. அவர் பக்கத்தில் இருந்தவர் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். "பொறந்ததே இங்க வட்டவளையிலதான், ரெண்டாந்தரமும் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லேன்னுட்டாங்க" என்று ஏறும்போதே சொன்னார். மறுத்து வந்த கடுதாசி இன்னும் கையில் இருந்தது.

"சந்திரன்ல என்னங்க கதை?"

"ஒரு கூட்டம் ராக்கெட்டுல போய்க் குடியேறுது. கண்ணாடிக் கூரை போட்டு, அதுக்குள்ள பயிர் வைக்கிறாங்க."

"ம். செய்வாங்க."

"மூச்சு விடுற காத்தையும் அங்கயே உண்டாக்கிக்கிறாங்க."

"அதுவும் நடக்கும். புள்ளகுட்டி பொறக்குதா?"

"நெறைய."

"அதுங்க எந்த நாட்டு ஆளுங்க?"

"இதென்ன கேள்வி மாஸ்டர்? அங்க பொறந்ததுங்க அங்கத்த ஆளுங்கதான்."

மாஸ்டர் கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இது ஒண்ணுதான் டெய்லர், நம்புற மாதிரி இல்ல. இருந்தாலும் குடுங்க."