கசியாத பெட்டி

அவைக்குத் தலைமை தாங்கி, எனக்கு முன் பேசிய எட்டுப் பேரையும் முகம் சுளிக்காமல் கேட்டு முடித்த தலைவர் அவர்களே! மரத்தூள் குடித்தும் மனம் தளராத மூத்த தச்சர்களே! கம்பியும் கருவியுமாய்க் காலம் கழிக்கும் கார் ஆடியோத் தோழர்களே! கைக்குழந்தைகளோடு காத்திருக்கும் தாய்மார்களே! களைத்துப்போன ஒருத்தியின் கனிந்த வணக்கம்.

ஆண்டின் சிறந்த சப்வூஃபர் பெட்டியை வடிவமைத்தவள் என்று என்னை அழைத்தீர்கள், கைதட்டினீர்கள். எனக்குக் கூசியது. ஏன் என்று சொல்லத்தான் நிற்கிறேன். சுருக்கமாகவா? சரி ஐயா, நீட்டிப் பேச எனக்கும் தெம்பில்லை.

சென்ற ஆண்டு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். டிக்கியில் பாதி இடம் அவர் மனைவியின் சக்கர நாற்காலிக்கு. மீதிப் பாதியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபருக்கு, அதாவது அடிநாத ஒலிபெருக்கிக்கு, பெட்டி வேண்டும். பெட்டியோ அடங்க வேண்டும், அடிநாதமோ அதிர வேண்டும்! கணக்கும் வரைபடமும் என் வேலை. பலகை அறுத்துப் பொருத்துவது என் அண்ணன் வேலை. பதினேழு ஆண்டுகளாக அப்படித்தான்.

அந்தப் பெட்டியில் காற்று போய்வர ஒரு வழி வைப்போம், போர்ட் என்போம். வழியை அகலமாக்கினால் நீளமும் கூட்ட வேண்டும். நீளம் கூடினால் பெட்டி பெருத்துவிடும். பெட்டி பெருத்தால் நாற்காலி எங்கே போகும்? நான் வழியைக் குறுக்கினேன். வேண்டியதில் பாதியாகக் குறுக்கினேன். இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டி ஏறியது, பாட்டு ஓடியது. ஒவ்வொரு அதிர்வோடும் 'புஸ்' என்று ஒரு சத்தம். ஓட்டுநரின் முகம் வாடியது. அன்று பட்டறையில் உங்களில் நாலு பேர் நின்றிருந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொன்னேன்?

"மூட்டு கசியுதுண்ணே. நீங்க சரியா ஒட்டல."

அண்ணன் கருவியை எடுத்தார். பெட்டியை இறக்கினார், பிரித்தார், மீண்டும் பசை பூசினார். ஒருமுறையா? மூன்று முறை! மூன்று முறையும் அதே சத்தம். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே வேற ஆளைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஊரெல்லாம் அவருக்கு என்ன பெயர்? ஆமாம், நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 'கசிவு'. கசிவிடம் கொடுத்தால் காற்று நிற்காது என்றீர்கள். ஒரு பலகைகூட அவர் கைக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து வரைபடத்தை மறுபடி விரித்தேன். போர்ட்டை இரண்டு மடங்கு அகலமாக்கி, நீட்டி, பெட்டிக்குள்ளேயே மடக்கினேன். பெட்டியை உயர்த்தி, பின்சீட்டின் முதுகோடு ஒட்டினேன். வேறொரு தச்சர் அறுத்தார். சத்தம் போயிற்று, நாற்காலியும் அடங்கிற்று. அந்தப் பெட்டிக்குத்தான் இந்தக் கேடயம்!

மூட்டு கசியவில்லை, குறுகிய போர்ட்டில் காற்று சீறியதுதான் அந்தச் சத்தம் என்று எனக்கு அன்றே தெரியும். பத்து மாதம் வாய் திறக்கவில்லை. பயமா, பவிசா? இரண்டும்தான்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடதுண்ணே" என்றேன்.

"தெரியும்" என்றார். "மூணாவது தடவ பிரிச்சப்பவே போர்ட்டை அளந்துட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, தப்பிக்கப் பாக்கிறேன்னு சொல்லியிருப்ப."

நண்பர்களே, சொல்லியிருப்பேன். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரக் கேட்டேன், மறுத்துவிட்டார். இங்கும் அவர் வரவில்லை. தேடாதீர்கள். பழியை நாலு பேர் முன்னால் போட்டேன்; நாற்பது பேர் முன்னால் எடுக்கிறேன். அவர் அறுத்த பலகையில் மயிரிழை இடைவெளி இருந்ததா? இல்லை! அவர் ஒட்டிய மூட்டில் மூச்சளவு காற்று கசிந்ததா? இல்லை! கோணியது என் கணக்கு. குனிந்தது அவர் தலை.

எனக்குக் கைதட்டியது போதும். நாளைக் காலை உங்களில் ஒருவராவது அவர் கதவைத் தட்டுங்கள். வேலை கொடுங்கள். கொடுக்கும்போது அண்ணே என்று கூப்பிடுங்கள்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கு என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.