அரைச் சுத்து

கொடைக்கானல் பெட்ரோல் பங்க் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பழைய பைக் கரும்புகை கக்கிவிட்டு மறுபடியும் அணைந்தது. ஓட்டி வந்தவனின் மனைவி பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டாள்.

“கன்னிவாடியில நல்லாத்தான் ஓடுதுங்கிறீங்க?”

“அது கீழ. இங்க காத்து கம்மி, பெட்ரோல் மிஞ்சிப்போய் அடைக்குது.”

“கார்புரேட்டர்ல ஏர் ஸ்க்ரூவ அரைச் சுத்து திருப்புனாப் போதும்னு மெக்கானிக் சொன்னாருல்ல?”

“திருப்பிட்டா கீழ எறங்குறப்ப இன்ஜின் சூடாயிரும். மறுபடி திருப்பணும்.”

“சனிக்கிழமையானா வர்றீங்க. ஒரு தடவையாச்சும் திருப்புனீங்களா?”

“ஒரு ராத்திரி தங்குறதுக்கு எதுக்கு ஜெபா அந்தச் சோலி?”

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“ஸ்கூல்ல எனக்கு குவார்ட்டர்ஸ் குடுத்தப்ப, நானும் மேல வந்துர்றேன்னு சொன்னீங்க.”

“வருவேன்மா. இப்ப இல்லேன்னா என்ன?”

அவளே டூல் பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள்.

“அப்ப மலைக்குத் தோதா திருப்பி வைங்க. நான் நம்புறேன்.”

அவன் வாங்கினான். கார்புரேட்டர் பக்கம் குனிந்துகூடப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிக்கரை மிதிக்க ஆரம்பித்தான்.