கறுப்புப் பூ

எதுக்குண்ணே முட்டி போட்டு அலமாரிக்கு அடியில பாக்குறீங்க? அங்க முத்திரை இல்ல. நானே சொல்றேன், இல்ல. முதுகு பிடிச்சுக்கப் போகுது, எந்திரிங்க. இந்தா, இந்த முக்காலியில உக்காருங்க. ஒயின் ஊத்தவா? கொஞ்சம் புளிப்பாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவும் ஆசாரி சங்கத்துலேர்ந்து சோதனைக்கு வர்றவங்களுக்கு இதத்தான் ஊத்துவோம். நீங்களும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே குடிச்சீங்க.

முத்திரை இரும்பா? இங்கதான், ஏப்ரன் பையிலயே வச்சிருக்கேன். பாருங்க, தீபோன்னு எங்க வீட்டுக்காரர் பேர். செத்த மனுசன் பேர அடிச்சு அடிச்சு எழுத்தே மழுங்கிப்போச்சு. விதவையா இருக்கிறவரைக்கும் புருசன் முத்திரையப் போட்டுக்கலாம்னு சட்டம் வச்சது உங்க சங்கம்தானே. அதுல நான் ஒரு பிசகும் பண்ணல. இந்தக் கடைய விட்டு முத்திரை இல்லாம ஒரு கால்மணை போனதில்ல. செந்த் அந்துவான் பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்க, அங்க எவன் முத்திரை அடிக்கிறான்? இந்த க்ளேரி தெருவுல கடை வச்சிருக்கிற பாவத்துக்கு எல்லாம் எங்க தலையில.

இதுக்கு மட்டும் ஏன் அடிக்கலன்னா, இது தீபோ பேர்ல நிக்க வேண்டிய அலமாரி இல்லண்ணே. யோஸ்ட் செஞ்சது. தெரியும்ல, ரைன் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு, நெட்டையா, இந்தக் கதவுல குனிஞ்சு குனிஞ்சு வருவாரே. கூலிக்கு வந்தவர்தான். உங்க சங்கத்துல மாஸ்டர் பட்டம் வாங்கினதும், தன் பேர்ல அடிக்கிற மொத முத்திரை இதுல விழணும்னு ஆசைப்பட்டார்.

ஆங், வந்துட்டீங்களா அதுக்கு. அதானே, நீங்களும் ஆசாரிதானே, கதவப் பாத்ததும் கேப்பீங்கன்னு தெரியும். கறுப்பு ஈட்டி மரத் தகட்டையும் வெள்ளை மரத் தகட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அறுத்தா, ஒரே அறுப்புல ரெண்டு படம் வரும். கறுப்புல வெள்ளப் பூ இதோ இருக்கு. வெள்ளையில கறுப்புப் பூ எங்கேன்னு கேக்குறீங்க. அத வச்சு ஜோடி அலமாரி ஒண்ணு செஞ்சு, முத்திரை இல்லாம திருட்டுத்தனமா வித்துட்டேன்னு எவனோ சங்கத்துல ஊதிட்டான். எவனோ என்ன, எதிர்க்கடை ப்ருலேதான். நான் தும்முனாக்கூட உங்ககிட்ட வந்து சொல்றவன்.

சொல்றேண்ணே, பறக்காதீங்க. கடையப் பறிக்கத்தானே வந்தீங்க, அது எங்கயும் ஓடாது. மொதல்ல பூவப் பாருங்க. இதழ் ஓரத்துல பழுப்பா நிழல் விழுந்திருக்குல்ல, அது என் வேலை. அவர் அறுத்துக் குடுப்பார், நான் சுடுமணல்ல ஓரத்த மட்டும் செருகி எடுப்பேன். கொஞ்சம் அசந்தா கரிக்கட்டைதான். நான்தான் வாயாடியாச்சே, பேசிக்கிட்டே கருக்கிடுவேன். அவர் ஒரு வார்த்த சொல்லமாட்டார். சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணு அறுத்துத் தருவார். இப்பல்லாம் நான் எதையும் கருக்குறதில்ல. பேசுறதுக்கு யாரு இருக்கா? இன்னைக்கு நீங்க வந்தீங்க, அதான் கொட்டுறேன்.

ஆமா, தெருவுல பேசினது நெசந்தான். கட்டிக்கலாமான்னு கேட்டார். எனக்கும் ஆசதான், இல்லன்னு எதுக்குச் சொல்லணும்? ஆனா பட்டம் இல்லாதவரக் கட்டினா முத்திரை போயிடும், கடையும் போயிடும், ரெண்டு பேரும் எவன்கிட்டயாவது கூலிக்கு நிக்கணும். பட்டம் வரட்டும், பொறுங்கன்னேன். பொறுத்தார். வெளியூர்க்காரருக்கு அது லேசுல கிடைக்குதா? ஒவ்வொரு வருசமும் உங்க ஆளுங்க அடுத்த வருசம்னு சொல்லி அனுப்பினாங்க. இங்க சூப் குடிச்சிட்டு, தட்டக் கழுவி வச்சிட்டு, பக்கத்துத் தெருவுல இருக்கிற தன் அறைக்குப் போயிடுவார். ஒரு நாள் இங்க தங்கினதில்ல. ப்ருலேகிட்ட வேணும்னா கேளுங்க, அவன் சன்னலவிட்டு நகர்ந்ததே இல்ல.

அப்புறம் என்ன, பனிக்காலத்துல அவருக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. நாலு நாள்ல முடிஞ்சுபோச்சு.

அடக்கத்தப்போ கோயில்ல சாமியார் கேட்டார், செத்தவருக்கு நீங்க யாருன்னு. என்னத்தச் சொல்ல? வேலை பாத்த கடைக்காரின்னேன். பின்னாடி போய் நில்லும்மான்னாங்க. நின்னேன். அழுதா கடைக்காரிக்கு எதுக்கு இவ்வளவு அழுகைன்னு கேப்பாங்கன்னு அழவும் இல்ல. வீட்டுக்கு வந்து பழக்கத்துல ரெண்டு தட்டு வச்சேன். இன்னும் கை அப்படித்தான் போகுது.

இரும்பக் கேக்குறீங்களா? நீங்களே அடிக்கிறேன்னாலும் சரி, இந்த அலமாரியில தீபோ பேர் விழ நான் விடமாட்டேன். பறிமுதல் பண்ணணும்னா தூக்கிட்டுப் போங்க. கதவு மட்டும் பத்திரம், ஈரம் பட்டா பூ எழும்பிக்கும்.

கறுப்புப் பூவா? அட, அதச் சொல்லாமலே விட்டுட்டேனா. அவர் சவப்பெட்டி இந்த மேசையிலதான் செஞ்சது. மூடியில, உள்பக்கமா, வஜ்ரப் பசை காய்ச்சி நானே ஒட்டினேன். வெளிய ஒட்டியிருந்தா ஊரு பாக்கும். உள்ள இருந்தா அவர் பாத்துக்கிட்டு இருப்பார்.

எழுதிக்கங்கண்ணே. இந்தக் கடைய விட்டு முத்திரை இல்லாம போனது அது ஒண்ணுதான்.