ஏரியில் மனை போட்ட ஓனர்

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் தங்கள் ஊர் கால்பந்து டீமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரில மனை போட்டு வித்துட்டாருன்னு நம்ம ஓனரு ஆபீஸுக்கு சீல் வச்சிட்டாங்களாம்டா."

"அது பிசினஸுபா," என்றார் மீசைக்காரர். "டீமுக்கு இன்னா கொற வச்சாரு? ஷூ, ஜெர்சி, மேட்ச் முடிஞ்சா பிரியாணி."

"ஜெர்சி முதுகுல அவரு மனை கம்பெனி பேருதான இருக்குது? மனை வாங்குன ஜனங்க நேத்து நம்ம கோல்கீப்பர டீக்கடையில சுத்தி வளைச்சிக்கிச்சுங்க."

"எவன் இன்னா சொன்னாலும் ஓனர வுட்டுக்குடுக்கக் கூடாதுபா!"

சொல்லிவிட்டு மீசைக்காரர் இறங்குவதற்கு எழுந்தார். அவரும் அந்த ஜெர்சியைத்தான் போட்டிருந்தார், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி.